காவிரி நாயகன்

"உங்களுக்கு நீச்சல் தெரியும்னு இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே?" சித்ராதேவி கணவரைச் சீண்டினாள்.

பாலமுரளி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஸ்ரீரங்கம் படித்துறையில் ஒரு மாணவியைப் பிடித்தபடி அவர் கரையேறும் காட்சி டிவியில் மறுபடியும் ஓடியது. கீழே 'காவிரி நாயகன்' என்று எழுத்துகள் மின்னின. புத்தூர் வீட்டு வாசலில் நிருபர்கள் கேமராவோடு காத்திருந்தார்கள். வேலை போனதிலிருந்து பேச்சே இல்லாமல் கிடந்த மனிதரை ஊரே கொண்டாடுவதில் சித்ராதேவிக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போதுதான் அந்த மாணவி ஸ்ம்ருதி வந்தாள். சித்ராதேவி அவள் கையைப் பற்றிக்கொண்டாள்.

"பார்த்துக் குளிக்கக் கூடாதாம்மா? இவர் மட்டும் அங்க இல்லேன்னா?"

ஸ்ம்ருதி அவளைச் சமையலறைக்குள் அழைத்துப் போய்த் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"ஆன்ட்டி, மூழ்கினது நான் இல்ல. அங்கிள் பாட்டுக்கு ஆழத்துக்கு நடந்து போயிட்டே இருந்தாரு. கூப்பிட்டேன், திரும்பல. நான்தான் நீந்திப் போய் இழுத்துட்டு வந்தேன். 'விட்டுடும்மா'ன்னு அழுதாரு. கரையேறும்போதுதான் யாரோ செல்போன்ல எடுத்திருக்காங்க."

சித்ராதேவி அவள் தோளைப் பிடித்தாள். "டிவிக்காரங்ககிட்ட சொல்லலையா?"

"சொன்னேன். பொண்ணு பயத்துல உளறுதுன்னு சிரிச்சாங்க. இனிமே அவரைத் தனியா விடாதீங்க."

சித்ராதேவி ஹாலுக்கு ஓடினாள். நாற்காலி காலியாக இருந்தது.

"சாரையா தேடுறீங்க?" வாசலில் நின்ற பக்கத்து வீட்டு மைதிலி பூரிப்போடு சொன்னாள். "ஆத்துல எப்படி இறங்கினாருன்னு செஞ்சு காட்டச் சொல்லி, படித்துறைக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. படம் எடுத்து முடிக்கிற வரைக்கும் வேற யாரும் தண்ணியில இறங்கக் கூடாதாம்!"