கொழும்பு மாப்பிள்ளை

ஷாஹுல் எழுந்தான், பல் தேய்த்தான், டீ குடித்தான். அத்தா இறந்த பிறகு வீட்டில் எல்லா முடிவும் அவனுடையதுதான். அதனால் நாசர் மாமா காலையிலேயே வந்து எதிரில் உட்கார்ந்துவிட்டார்.

“கொழும்பெல்லாம் வேண்டாமுங்க மாமா. கடல் தாண்டி எப்படிங்க கட்டிக்குடுக்கறது?”

“வானத்துல போனா மெட்ராசவிடக் கொஞ்சந்தாண்டா அதிகம். ஃப்ளைட்டுல ஒரு மணி நேரத்துச் சொச்சம். நீ உக்கடத்துல டிராஃபிக்ல நிக்கற நேரம்!”

“அங்கத்த சாப்பாடு ஒத்துக்கலீன்னா?”

“மாப்பிள்ளை ஓட்டலே வெச்சிருக்காரு.”

“சண்டை வந்துட்டா? பஸ் ஏறி இங்க வந்துர முடியுங்களா?”

“அவரு சண்டை போடற ஆளில்லடா. மெஹராஜுக்கும் புடிச்சுப்போச்சு. நீ சரின்னாத்தான் நிக்காஹ்ங்கிறா.”

ஷாஹுல் கதவோரம் நின்ற மெஹராஜைப் பார்த்தான். அந்த முகத்தில் இப்படியொரு வெட்கத்தை அவன் கண்டதே இல்லை.

“சரிங்க மாமா” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். “ஆனா போய் எறங்குனதும் போன் பண்ணோணும்.”

மெஹராஜ் சிரித்துவிட்டாள்.

“உன்னைய மொத நாள் ஸ்கூல்ல விட்டப்ப, பெத்தவ நான்கூட இத்தனை கேள்வி கேக்கலையேடா கண்ணு!”