பதினாறாவது கையெழுத்து

"கட்டடமே தன்னோடதுன்னு நெனப்பு இவளுக்கு!" என்று முணுமுணுத்துக்கொண்டே கீழ்வீட்டு ஜலஜா கதவைச் சாத்தப் போனாள். தாரிணி காது கேட்காதவள்போல் படிவத்தை நீட்டினாள்.

ஹைதராபாத் நாச்சாரத்தில் முப்பத்தைந்து வருடத்துக் கட்டடம் அது. பதினாறு வீடுகள். மொட்டை மாடி முழுக்க வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு பூசி, மேற்கு ஜன்னல்களுக்கு வெளியே மறைப்பும் போட்டால் வீடு குளிரும், கரன்ட்டும் மிச்சம். ஆனால் பதினாறு சொந்தக்காரர்களும் கையெழுத்துப் போட்டால்தான் வேலை தொடங்கும் என்று சங்கத்தில் தீர்மானம்.

"மாடி குளுந்தா எனக்கென்ன வந்துச்சு? நான் கீழ இருக்கேன்."

"தண்ணித் தொட்டி மாடியிலதானுங்கக்கா இருக்குது? அதுக்கும் சேர்த்துதான் பூசறாங்க. மத்தியானம் உங்க குழாயைத் திறந்தா என்ன வருது?"

"வெந்நீர்."

"அப்புறம் என்னங்கக்கா?"

ஜலஜா கையெழுத்துப் போட்டாள். பதினைந்து ஆயிற்று. இதற்கே நாலு மாதம்.

தாரிணி இப்படி அலைந்ததற்குக் காரணம் இருந்தது. அவள் இருப்பது கடைசி மாடி. போன ஏப்ரலில் ஹாலுக்குள்ளேயே முப்பத்தெட்டு டிகிரி. இரண்டு வயது ரக்ஷிதாவுக்கு முதுகு முழுக்க வேர்க்குரு, ஒரு நாள் துவண்டுபோய் ஆஸ்பத்திரிக்கே தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. இன்னொரு கோடையைக் குழந்தை தாங்காது என்று தாரிணிக்குப் பயம்.

பதினாறாவது ஆள் பக்தவத்சலம். காஞ்சன்பாக்கில் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் குடியிருப்பவர், வாடகை வந்தால் போதும் என்று இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவர். போனில் எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான்.

"நக்கோம்மா, வேணாம். ஏப்ரல்ல ரிட்டயர்மென்ட், அதோட நாங்க வேலூர் போறோம். அந்த அடுப்புக்கு எதுக்கு அலங்காரம்?"

தாரிணி விடுவாளா? ஞாயிற்றுக்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு குவார்ட்டர்ஸுக்கே போய்விட்டாள்.

"சோதனைக்கு ஒரு பெட்ரூமுக்கு மேல மட்டும் பூசிப் பார்த்தோம் சார். அஞ்சு டிகிரி குறைஞ்சுதுங்க."

"பெட்ரூம் சரி. சமையல்கட்டு?"

"அங்கயும் குறையுங்க சார்."

"பூஜை அலமாரி இருக்கிற சுவர்ல மேற்கு வெயில் நேரா அடிக்குமே?" என்று கேட்டாள் அவர் மனைவி கனகவல்லி.

"அதுக்குத்தானுங்கம்மா வெளி மறைப்பு."

இவ்வளவு நோண்டிக் கேட்கிறவர்கள் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள் என்று தாரிணிக்கு உள்ளுக்குள் பட்டது. பக்தவத்சலம் குழந்தையின் முதுகைப் பார்த்து உச்சுக்கொட்டினார். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டும் விட்டார்.

மார்ச் கடைசியில் வேலை முடிந்தது. ஏப்ரல் முதல் வாரத்து மத்தியானம், தாரிணியின் ஹாலில் முப்பத்திரண்டு டிகிரி. ரக்ஷிதா சட்டையைக் கழற்றாமல் இரண்டு மணி நேரம் தூங்கினாள். தாரிணி பக்கத்தில் உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுதே விட்டாள்.

மறுநாளே பக்தவத்சலம் மனைவியோடு பார்க்க வந்தார். தாரிணி பெருமை தாங்காமல் ஒவ்வொரு அறையாகக் கூட்டிப் போய்க் காட்டினாள். அவர் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கனகவல்லி தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, "ஏங்க, குளுகுளுன்னு இருக்குங்க!" என்றாள்.

தாரிணி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நீ மட்டும் இல்லேன்னா இது நடந்திருக்காதும்மா. நல்லா இருப்பே" என்றார் மனதார.

"இருக்கட்டுங்க சார். வேலூருக்கு எப்பக் கிளம்பறீங்க?"

"அது கேன்சல். இனி நாங்களே இங்க இருந்துக்கறோம். மாசக் கடைசிக்குள்ள வீட்டைக் காலி பண்ணிக் குடுத்துடும்மா."