திமிர்க்காரி

"இருக்கிற அத்தனையையும் கட்டுங்க தம்பி."

அந்த அம்மா சாக்குப்பையை மேஜைமேல் வைத்தார். கடைக்காரருக்குச் சிரிப்பு வந்தது. மூன்று வாரமாக இதே பை, இதே பேச்சு.

அது பொம்மைக் கடைதான், ஆனால் குழந்தைகளுக்கானது அல்ல. வாள் தூக்கியவன், சிறகு முளைத்தவன், இரும்பு மனிதன் என்று அலமாரி முழுக்க நிற்பவர்களை வளர்ந்த ஆட்கள்தான் வாங்கிப்போய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிவைத்து அழகு பார்ப்பார்கள். இந்த அம்மா அவற்றில் ஒன்றைக்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. அவருக்கு வேண்டியது 'திமிர்க்காரி' மட்டும்தான். சாண் உயரம், கிழிந்த உடை, கைகால்களில் சங்கிலி. மண்டியிட்டிருந்தாலும் தலை மட்டும் நிமிர்ந்திருக்கும்.

"இத்தனையையும் வீட்ல எங்கக்கா வச்சிருக்கீங்க?"

"சாக்குலதான்."

"சாக்குலயா? பெட்டி நசுங்கினா அப்புறம் ஒருத்தனும் சீந்த மாட்டான்."

"நசுங்கட்டும்."

வாங்கிப் பதுக்கி, கிடைக்காமல் செய்து, பிறகு நாலு மடங்கு விலை சொல்லும் ஆட்களைக் கடைக்காரர் நிறையப் பார்த்திருக்கிறார். இந்த அம்மாவும் அந்த ரகம்தான் என்று முடிவுகட்டியிருந்தார். ஆனால் வாயைக் கிளறினால் ஒன்றும் வராது, கல்லுளிமங்கன் தோற்றான்.

"உங்களுக்கு நல்ல கண்ணுக்கா," என்று ஒரு பெட்டியைத் துடைத்தபடி சொன்னார். "இவளுக்கு ரெண்டு கண்ணுக்குக் கீழயும் மச்சம் இருக்கு பாருங்க. அது செஞ்சவன் பண்ண தப்பு. இப்பல்லாம் கம்ப்யூட்டர்லதான் செதுக்கறாங்க. இந்தப் பக்கம் ஒண்ணு செஞ்சா அந்தப் பக்கமும் தானா விழும். மச்சம் வைக்கறப்போ அதை நிறுத்தியிருக்கணும், மறந்துட்டான். ஒரு மச்சம் ரெண்டாயிடுச்சு. தப்பா வந்த பொம்மைக்குத்தான் எப்பவும் மவுசு."

அந்த அம்மா பெட்டியைப் பார்க்கவில்லை. "இதோட முடிஞ்சுதா? அதைச் சொல்லுங்க."

"நம்மகிட்ட இருக்கறது இவ்வளவுதான்."

"வேற கடையில?"

"வேற எங்கயும் போடலையே. செஞ்ச பையன் இந்த ஊர்க்காரன். முதல்ல இங்கதான் வைக்கணும்னு கம்பெனியில ஒத்தக்கால்ல நின்னானாம். பேர்கூட அவன் வச்சதுதான்."

அந்த அம்மா பெருமூச்சு விட்டார். இந்த மூன்று வாரத்தில் அவர் முகத்தில் நிம்மதியைக் கடைக்காரர் பார்த்தது அன்றுதான்.

"என் பொண்ணு வெளிய கார்ல இருக்கா. தீர்ந்துபோச்சுன்னு அவகிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க தம்பி. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறா. தெரிஞ்சாதான் இனிமே பள்ளிக்கூடம் போவேங்கறா."

"படிக்கிற பொண்ணா?"

"டீச்சர்."

"அட, டீச்சரம்மாதான் சேக்கறாங்களா? அதானே பார்த்தேன், இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இந்தப் பைத்தியம்னு. தாராளமா கூப்பிடுங்க. அவங்களுக்கு ஒரு நல்ல சேதியே வச்சிருக்கேன்."

மேஜைக்கடியிலிருந்து பெரிய சுருள் ஒன்றை எடுத்தார்.

"முதல்ல சும்மா பரீட்சை பார்க்கத்தான் அனுப்பினாங்க. ஓடலைன்னா இதோட விட்டிருப்பாங்க. நீங்கதான் வைக்க வைக்க அள்ளிட்டுப் போனீங்களே. நானும் விடாம போன் போட்டுச் சொன்னேன். இப்போ எல்லா ஊருக்கும் அனுப்பறாங்க."

அந்த அம்மாவின் கை சாக்குப்பையின்மேல் அப்படியே நின்றது.

"அச்சு தேஞ்சுடும்னாங்களே. கொஞ்சம் போட்டதும் அச்சை உடைச்சுடுவாங்கன்னு சொன்னாங்களே தம்பி."

"அது களிமண்ணுல செஞ்ச காலம்க்கா. அச்சு போனா பொம்மையும் போச்சு. இப்போ ஏது அச்சு? இவ கம்ப்யூட்டர்ல இருக்கா. கேக்கறவங்க இருக்கற வரைக்கும் வந்துக்கிட்டே இருப்பா, சாவே கிடையாது."

"நான் வாங்கினதாலயா?" குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"பின்ன? எல்லாம் உங்க கைராசி."

சுருளைப் பிரித்து, தெருவைப் பார்த்த கண்ணாடியில் ஒட்டத் தொடங்கினார். ஆள் உயரத்துக்குத் திமிர்க்காரியின் முகம். "பையன் கெட்டிக்காரன். முன்னாடி மாதிரி ஒருத்தரை உக்கார வச்சுப் பார்த்துச் செய்ய வேண்டாமாம். போன்ல ரெண்டு போட்டோ இருந்தாப் போதுமாம்."

அந்த அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்போது கதவு திறந்தது. சால்வையால் முகத்தைச் சுற்றி, கறுப்புக் கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி உள்ளே வந்தாள்.

"வாங்க டீச்சரம்மா. அம்மாவை என்னமா அலைய விட்டுட்டீங்க. இதே மாதிரி போஸ்டர் ஒண்ணு உங்களுக்கு இனாமாத் தர்றேன்."

அவள் போஸ்டரைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மா அழுவதைக் கண்டதும், இனி மூடி என்ன ஆகப்போகிறது என்பதுபோல் கண்ணாடியைக் கழற்றிச் சால்வையையும் இறக்கினாள்.

போஸ்டரில் நிமிர்ந்திருந்த அதே முகம் கடைக்காரருக்கு எதிரே தலைகுனிந்து நின்றது. இந்த முகத்தில் மச்சம் மட்டும் ஒன்றுதான்.