குணமாகும் நோய்

“இல்ல தங்கச்சி, இது குணமாகாது. போயிட்டு வா.”

டிரெஸர் ஏரம்பமூர்த்தி தலையை நிமிர்த்தாமலே சொன்னார். அல்போன்சம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சிங்கப்பூரைப் பிடித்த ஜப்பான்காரன் வெள்ளைக்கார டாக்டரைச் சிறையில் அடைத்த நாளிலிருந்து, அந்தப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு டாக்டரும் ஏரம்பமூர்த்திதான், காயத்துக்குக் கட்டுப்போடும் டிரெஸரும் அவர்தான். இன்று ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு தாள். குணமாகும், குணமாகாது என்று இரண்டில் ஒன்றை எழுத வேண்டும். குணமாகாதவர்கள் உள்ளேயே கிடக்க வேண்டியதுதான். குணமாகிறவர்களை வெளியே விடுகிறார்கள் என்று அவள் இருக்கும் தேக்கா வட்டாரம் முழுக்கப் பேச்சு. அதைக் கேட்டுத்தான் புருஷனின் சட்டையைத் துவைத்து மடித்து எடுத்துக்கொண்டு அவள் ஓடி வந்திருந்தாள்.

ஜன்னலோரத்தில் ஜப்பான் அதிகாரிக்கு மொழிபெயர்க்கும் சேதுபதி காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“போன தடவ நீங்கதானே அய்யா எனக்குப் படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க? இவருக்கு மேனிக் டிப்ரெசிவ். அலை மாதிரி ஏறும், இறங்கும், நடுவுல மனுஷன் முழுசாத் திரும்பி வந்துடுவார்னு?”

“அப்பத் தப்பாச் சொல்லிட்டேன். இது ஸ்கிசோஃப்ரினியா. அது ஒவ்வொரு தடவ வரும்போதும் ஆள்ல கொஞ்சத்த எடுத்துட்டுப் போயிடும். திருப்பித் தராது.”

“எத எடுத்துச்சு? ரெண்டு தடவ வந்து போயும் அவர் கையால எடுக்குற காஜா ஒண்ணுகூடப் பிசகல. தேக்காவுல எந்தத் தையக்காரர வேணும்னாலும் கேட்டுப் பாருங்க.”

“குரல் கேட்டுச்சுல்ல? அந்தோணியார் காதுல பேசுறார்னு சொன்னானா இல்லையா?”

“சொன்னார். எப்பச் சொன்னார்? நாலு நாள் தூங்காம, வாடிக்கைக்காரங்க துணியெல்லாம் வெட்டி, ரோட்டுல போறவங்களுக்கெல்லாம் சட்ட தச்சுக் குடுத்தாரே, அப்ப. அந்த வேகம் அடங்குனதும் அந்தோணியாரும் போயிட்டார். உச்சத்துல ரெண்டு நோயும் ஒண்ணு போலத்தான் தெரியும், சும்மா இருக்கும்போதும் குரல் கேட்டாத்தான் அந்த நோயின்னு சொன்னதும் நீங்கதான்.”

ஏரம்பமூர்த்தி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இருபது வருஷ அனுபவத்தில் அவர் சொல்லிக் கொடுத்த பாடத்தை ஒரு வரி விடாமல் ஒப்பிக்கிறாள்.

“மூணு மாசம் சுவரப் பாத்துப் படுத்திருந்தானே? பேச்சில்ல, சாப்பாடில்ல. ஸ்கிசோஃப்ரினியாவுல அப்படித்தான் மனசு மரத்துப்போகும்.”

“துக்கத்துலயும் அப்படிப் படுப்பாங்க அய்யா. ‘உன்னப் பாடாப் படுத்துறேனே அல்போன்சு’ன்னு அழுதார். மனசு மரத்துப்போனவரா அழுவார்?”

ஜன்னலோரத்திலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

“அந்தம்மா சொல்றது சரியாத்தானே இருக்கு டிரெஸர்? ஆளக் கூப்பிடுங்க, பாத்துடலாம் லா” என்றார் சேதுபதி.

அல்போன்சம்மாள் அவரை நோக்கிக் கை கூப்பினாள். ஜப்பான்காரனிடம் வேலை பார்க்கிறவருக்கு இருக்கிற ஈரம், சொந்த ஜனமான இந்த டிரெஸருக்கு இல்லையே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. மரவள்ளிக் கஞ்சியைக் குடித்துக் குடித்து வார்டில் வாரத்துக்கு இரண்டு பேர் சாகிறார்கள். இங்கேயே விட்டால் அடுத்த மாதம் பிணமாகத்தான் தருவார்கள்.

இயேசுதாசனை அழைத்து வந்தார்கள். எலும்பும் தோலுமாக இருந்தான். ஆனால் கண் தெளிவாக இருந்தது. மனைவியைப் பார்த்ததும் கூச்சத்தோடு சிரித்தான்.

ஏரம்பமூர்த்தி எழுந்து அவன் தோளைப் பிடித்தார். “இயேசுதாசா, நேத்து ராத்திரி அந்தோணியார் வந்தார்ல? உங்கிட்டப் பேசினார்ல? பயப்படாமச் சொல்லு. வந்தார்ல?”

கெஞ்சுகிற குரல். இயேசுதாசன் குழம்பிப்போய் மனைவியைப் பார்த்தான். இல்லை என்று சொல்லும்படி அவள் தலையை ஆட்டினாள்.

“இல்லீங்க அய்யா. அதெல்லாம் போயி ஆறு மாசமாச்சு. நல்லாத் தூங்குறேன்.”

“வேல செய்வானா?” என்று கேட்டார் சேதுபதி.

“மாடா உழைப்பாருங்க!” அல்போன்சம்மாள் முந்திக்கொண்டாள். “விடிஞ்சதுலருந்து பொழுது சாயுற வரைக்கும் மெஷின் மிதிப்பார். அலுப்புன்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டார்.”

“அப்புறம் என்ன? எழுதுங்க டிரெஸர்.”

ஏரம்பமூர்த்தி பேனாவை எடுத்தார், வைத்தார். சேதுபதி எழுந்து வந்து பக்கத்தில் நின்ற பிறகுதான் எழுதினார். குணமாகும் என்ற ஐந்து எழுத்தை எழுதி முடிக்க அவருக்கு அவ்வளவு நேரம் பிடித்தது.

“இத எழுத உங்களுக்கு என்னா கசப்பு அய்யா! நாங்க உங்களுக்கு என்ன கெடுதல் செஞ்சோம்?” என்று அல்போன்சம்மாள் கேட்டேவிட்டாள். அவர் பேனாவை மூடி வைத்தார்.

அவள் கொண்டுவந்த சட்டையை அவனுக்குப் போட்டுவிட்டாள். பொத்தான் போடும்போது அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

“வாங்க, வீட்டுக்குப் போலாம்.”

“நீங்க மட்டும் போங்கம்மா” என்றபடி தாளை மடித்துப் பையில் வைத்தார் சேதுபதி. “வாசல்ல லாரி நிக்குது. சயாம் ரயில் பாதைக்கு ஆள் பத்தல. குணமாகுறவங்கள எல்லாம் அனுப்பச் சொல்லி உத்தரவு.”

சயாமுக்குப் போன தேக்காக்காரர்களில் ஒருவர்கூட இன்னும் திரும்பி வரவில்லை. அல்போன்சம்மாள் பதறிப்போய் டிரெஸரைப் பார்த்தாள். அவர் முன்னால், காலையிலிருந்து எழுதி அடுக்கியிருந்த முப்பத்தோரு தாள்களிலும் ‘குணமாகாது’ என்றே இருந்தது.