வேண்டாம் என்றதன் பிரதி

திரையில் தொண்ணூற்றாறு என்று நின்றது.

நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. ரவுட்டரின் மெமரியில் இனி இடம் இல்லை. காலையிலிருந்து இரண்டு முறை அது தானாகப் படுத்துத் தானாக எழுந்துவிட்டது. டவுன் முழுக்க இன்டர்நெட் போய்ப் போய் வந்தது.

ரவுட்டர் சேர்த்து வைத்திருந்த வழிகளின் பட்டியலை அவள் திரையில் நகர்த்திக்கொண்டே போனாள்.

இவர்களுக்கு இன்டர்நெட் தரும் தூத்துக்குடிக் கம்பெனியின் ரவுட்டர் அந்த முனையிலிருந்து வழி சொல்லும். இந்த இடத்துக்கு இப்படிப் போ, அந்த இடத்துக்கு அப்படிப் போ. இவளுடைய ரவுட்டர் சிலவற்றை ஏற்கும். சிலவற்றை வேண்டாம் என்று தள்ளும்.

தள்ளியதையும் எறியாது.

சொன்னது சொன்னபடி ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். பிறகு என்றாவது விதியை மாற்றினால் எடுத்துப் பார்க்கலாம் என்று.

அப்படி வைத்துக்கொள்ளச் சொல்லி எழுதியது அவள்தான். பங்குனியில்.

பங்குனியில்தான் பெலிக்ஸ் அந்தத் தூத்துக்குடிக் கம்பெனியிலிருந்து கேபிள் இணைக்க வந்தான். மூன்று நாள் வேலை. மூன்றாம் நாள், ஏணியை மடக்கிக்கொண்டே, அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னான்.

"இன்னைக்கோட வேலை முடியுது. இனிமே நான் இங்க வரணும்னா, நீங்கதான் ஒரு காரணம் சொல்லணும்."

அக்காவுக்கே இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்றாள் அவள்.

அவன் தலையாட்டினான். ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு படியிறங்கினான்.

ஆவணியில் அக்காவின் கல்யாணம் முடிந்தது.

அவனுடைய மெயில்கள் மட்டும் இன்னும் 'மதிப்பிற்குரிய மேடம்' என்றே தொடங்குகின்றன.

மேலாளர் சுடலைமணி அண்ணன் டீ கிளாசோடு அவள் பின்னால் வந்து நின்றார். திரையைக் குனிந்து பார்த்தார்.

"எம்மா, வேண்டாம்னு தள்ளுனத எல்லாம் என்னத்துக்குச் சேத்து வச்சிருக்க? பெறகு மெமரி எங்கேருந்து வரும்?"

"எப்பவாவது வேணும்னா..."

"வேணும்னா அவன்கிட்டயே கேளு. மொதல்லேருந்து திரும்பச் சொல்லுவான். இப்ப வார ரவுட்டர் எல்லாம் அப்படித்தான்."

"சொல்லலேன்னா, அண்ணே?"

"லைன் உசுரோட இருந்தா சொல்லுவாம்லா."

அவர் டீயை ஆற்றிக்கொண்டே போய்விட்டார்.

பிரதி வேண்டாம் என்று எழுத ஒரே ஒரு வரிதான். எழுதிவிட்டாள். என்டரின் மேல் விரல் வெகுநேரம் இருந்தது.

பிறகு அழுத்தினாள்.

எண் இறங்கியது. எண்பது. எழுபத்து மூன்று. அறுபதில் நின்றது.

சோதித்துப் பார்க்க வேண்டும். முன்பு தள்ளிய வழிகளை இப்போது ஏற்கும்படி விதியை மாற்றினாள். தூத்துக்குடி ரவுட்டரிடம் மறுபடி கேட்டாள்.

வந்தன. முதலிலிருந்து, ஒன்று விடாமல்.

அப்போது ஏன் வேண்டாம் என்றாய் என்று அந்த முனை கேட்கவில்லை.

அவள் எழுந்து அறைக்கதவைச் சாத்தினாள். மேசை டெலிபோனை எடுத்துத் தூத்துக்குடி அலுவலகத்து எண்ணை அழுத்தினாள். அதைப் பார்த்து அழுத்த வேண்டியிருக்கவில்லை.

"சொல்லுங்க மேடம்" என்றான் பெலிக்ஸ். "லைன் விழுந்திருச்சா?"

"இல்ல. லைன் நல்லாத்தான் இருக்கு."

அவன் பக்கத்தில் யார் யாரோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பங்குனியில் அவன் சொன்ன சொற்களில் ஒன்றுகூட அவளுக்கு மறந்திருக்கவில்லை. ஏணி மடங்கிய சத்தம்கூடக் காதில் அப்படியே இருந்தது.

"அன்னைக்கு ஏணிய மடக்கும்போது என்னமோ சொன்னீங்க" என்றாள். "எனக்குச் சரியாக் கேக்கல."



நாற்காலி ஒன்று பின்னால் நகரும் ஓசை கேட்டது. நாலைந்து காலடிகள்.

பிறகு அந்த முனையிலும் ஒரு கதவு சாத்தப்பட்டது. சிரிப்புச் சத்தம் நின்றது.