ஜெனோவாவின் இடம்

ஜெனோவா நினைவுக் கோப்பைக்கு நான்கு நாட்டுப் பெண்கள் கிரிக்கெட் விளையாட வந்திருந்தார்கள். ஒவ்வோர் ஆட்டத்திலும் முதல் பந்துக்கு மட்டும், ஜெனோவா வழக்கமாக நின்ற இடத்தில் யாரும் நிற்பதில்லை. அந்த வெறும் புல்லைப் பார்ப்பதற்காகவே அவள் தாய் சலேத்தம்மாள் எல்லைக் கயிற்றுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். “ஒரே ஒரு பந்து எறிம்மா” என்று மகள் கெஞ்சிய போதெல்லாம், “போடி, வேலை கிடக்கு” என்றவள் அவள்.

இந்த வழக்கத்தை, மட்டை பிடிக்க வந்த நேபாளத்துப் பெண்ணுக்கு யாரும் சொல்லவில்லை. ஆளில்லாத இடத்தைக் கண்டதும் பந்தை அங்கே தட்டிவிட்டு ஓடினாள். ஒருவரும் துரத்தவில்லை. பாதி வழியில் திகைத்து நின்றாள். பந்து வெயிலில் சோம்பலாக உருண்டு, கயிற்றுக்கு ஒரு முழம் உள்ளே சலேத்தம்மாளின் எதிரே வந்து நின்றது.

“நீங்களே எடுங்கம்மா!” விக்கெட் கீப்பர் கூவினாள். “இங்கன எறிங்க!”

“எனக்கு எறியத் தெரியாதே, தாயி.”

“தெரிஞ்ச மட்டும் எறிங்க. நான் பிடிச்சுக்கிடுதேன்.”

சலேத்தம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கயிற்றைத் தாண்டினாள். பந்து கதகதப்பாக இருந்தது. நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டு வானத்தைப் பார்த்து எறிந்தாள்.

நேபாளத்துப் பெண் நாற்காலிக்குப் பின்னால் மாலையிட்டிருந்த ஜெனோவாவின் படத்தைப் பார்த்தாள். தாயின் முகத்தைப் பார்த்தாள். பந்து கீப்பரிடம் வந்து சேர்ந்தால் அவள் அவுட். நாலே எட்டில் கோட்டுக்குள் போய்விடலாம். அவளோ மட்டையை ஊன்றிக்கொண்டு அங்கேயே நின்றாள்.

பந்து இன்னும் மேலே போய்க்கொண்டிருந்தது.