இருமல் பாஸ்டர்

டேய், 'இருமல் பாஸ்டர்'னு ஸ்டேட்டஸ் போட்டுச் சிரிக்கிற பரிசுத்தவான்களா, ஒரு நிமிசம் ஃபோனைக் கீழ வைங்க.

அந்தப் பேரை வெச்சதே நான்தான். காலேஜை ரெண்டாம் வருசத்துல உட்டுட்டு வந்தவன் உருப்படியா முடிச்ச ஒரே வேலை அது. இப்ப அதைத் திருப்பி வாங்கிக்கத்தான் வந்திருக்கேன்.

கொரோனா சமயத்துல நம்ம சபையில திருவிருந்துல திராட்சரசம் குடிக்கச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் கப்பு வந்துச்சுல்ல? ஆளுக்கு ஒரு மடக்கு. அப்புறம் கொரோனா போச்சு, மாஸ்க் போச்சு, கப்பு மட்டும் போவல.

சபையைச் சீர்திருத்தணும்னு சத்தியநாதன் அண்ணன் எழுப்புதல் கூட்டம் ஆரம்பிச்சப்ப முதல் கோரிக்கையே அதான்.

"ஆண்டவர் சீஷருங்களுக்குக் குடுத்தது ஒரே பாத்திரம். எல்லாரும் ஒண்ணுலயே வாய் வெச்சுக் குடிக்கணும், அதான் ஐக்கியம். ஆளுக்கொரு கப்புன்னா அது டீக்கடை!"

அந்த டீக்கடை வசனம் நான் எழுதிக் குடுத்தது.

நாப்பத்திரண்டு கையெழுத்து வாங்கினோம். முதல் கையெழுத்து செல்லி அக்காது. காலனியில இருந்து வந்து வாராவாரம் சர்ச்சு முழுக்கக் கூட்டித் துடைக்குமே, அந்த அக்கா. கோணல் கோணலாப் பேரைப் போட்டுட்டுக் கேட்டுச்சு:

"ஏந்தம்பி, நெசமாவே எல்லாருக்கும் ஒரே பாத்திரமா?"

"ஆமாக்கா. அதுக்குத்தான இம்புட்டுப் பாடு."

"எம்பொண்ணு அன்பரசிகிட்டச் சொல்லணும். நம்பவே மாட்டா."

மனுவை எடுத்துக்கிட்டு எல்லாரும் பாஸ்டர் வூட்டுக்குப் போனோம். படிச்சாரு. முதல் பேருலயே அவரு கண்ணு நின்னு போச்சு.

"கப்பே இருக்கட்டுமே, சத்தியநாதன்."

"ஏனுங்கய்யா? வேதத்துல இருந்து காரணம் காட்டுங்க."

"காரணம் வேதத்துல இல்ல. வெளிய சொல்லவும் வேணாம்னு பாக்கறேன்."

"வெளிய சொல்ல முடியாதது என்னாங்க உபதேசம்?"

நான் சும்மா இருப்பனா? "அய்யா, பரலோகத்துக்கும் மாஸ்க் போட்டுக்கிட்டுத்தான் போவீங்களா?"

வூடே சிரிச்சுது. பாஸ்டர் சிரிக்கல. என்னையே பாத்தாரு.

"மாதவா, நீ குடிப்பியா?"

"முதல் பந்தியிலயே நிப்பேனுங்க."

"சரி, வர்ற ஞாயிறு ஒரே பாத்திரம்தான். நீங்க சொல்றது நெசமா இருந்தா, என்னை விடச் சந்தோசப்படறவன் இந்தச் சபையிலயே இருக்க மாட்டான்."

அந்த ஞாயித்துக்கெழமை வாசல்ல செருப்பு உடக்கூட எடமில்ல. மேசை மேல வெள்ளிப் பாத்திரம் பளபளன்னு இருந்துச்சு. அதை வெளக்கி வெச்சதும் செல்லி அக்காதான்.

"முதல் பந்திக்கு வாங்க"ன்னாரு பாஸ்டர்.

செல்லி அக்கா புதுச்சேலை சரசரக்கப் போயி, ஓரத்துல முதல் ஆளா மண்டி போட்டுச்சு. அடுத்த எடம் என்னுது. பாதி தூரம் போனவன், ஷூ லேஸ் அவுந்துருச்சுன்னு குனிஞ்சேன். பின்னால சத்தியநாதன் அண்ணனுக்கு ஃபோன் வந்துச்சு. அண்ணிக்குத் தலைசுத்தல். இன்னொருத்தரு மைக் சரியில்லைன்னு பொட்டிகிட்டப் போயிட்டாரு. பாட்டு ஒரு சரணம் முடிஞ்சு, அடுத்த சரணமும் முடிஞ்சுது.

செல்லி அக்கா கண்ணை மூடிக்கிட்டு, கையைக் கூப்பிக்கிட்டு அப்படியே இருந்துச்சு. திரும்பிப் பாக்கவே இல்ல.

பாஸ்டர் பாத்தாரு. எங்க எல்லாரையும் பாத்தாரு. பாத்திரத்தைக் கையில எடுத்தவரு திடீர்னு இருமினாரு. என்னா இருமல்! மேசையைப் புடிச்சுக்கிட்டு இருமறாரு.

"சபையார் மன்னிக்கணும். இந்தப் பாத்திரத்துல முதல்ல வாய் வெக்க வேண்டியவன் நான். என் நோவு உங்களுக்கு வந்துறக் கூடாது. இன்னைக்கும் கப்புதான்."

வெள்ளைத் துணிக்கடியில கப்பு ட்ரே ரெடியா இருந்துச்சு. ரெண்டே நிமிசத்துல பந்தி நெறைஞ்சு போச்சு. அண்ணிக்குத் தலைசுத்தலும் நின்னுருச்சு.

வெளிய வந்ததும் அண்ணன் கத்தினாரு. "பாத்தீங்களா நாடகத்தை? ட்ரேயை முன்னாடியே ஒளிச்சு வெச்சிருக்காரு! இந்த ஆளு இருக்கற வரைக்கும் சபை சீர்திருந்தாது."

அங்கயே நான் பேரு வெச்சேன். நீங்க சிரிச்சீங்க.

மறுநாளு, ரெண்டாவது மனுவோட பாஸ்டர் வூட்டுக்குப் போனேன். செல்லி அக்கா சொம்போட நின்னுக்கிட்டிருந்துச்சு.

"சுக்குக் கஷாயமுங்கய்யா. மூணு நாளைக்குக் குடிங்க. அடுத்த மாசத் திருவிருந்துக்குள்ள நெஞ்சு சரியாயிரணும். பாவம், உங்களால புள்ளைங்க ஆசையும் நடக்காமப் போச்சு."

"ரொம்பக் கசக்குமா? நீ முதல்ல ஒரு வாய் குடிச்சுக் காட்டு பாப்போம்."

அக்கா வெக்கப்பட்டுச் சிரிச்சு, சொம்புல வாய் வெச்சு ஒரு மடக்குக் குடிச்சுது. பாஸ்டர் சொம்பை வாங்கி, அதே எடத்துல வாய் வெச்சு, மிச்சத்தை ஒரே மூச்சுல குடிச்சு முடிச்சாரு.

அக்கா போனதும் கேட்டேன். "ஏனுங்கய்யா, நான் வந்து இம்புட்டு நேரமாச்சு, ஒரு இருமலைக் காணமே?"

"அடுத்த மாசம் வரும், மாதவா. நீ லேஸ் கட்டி முடிக்கற வரைக்கும் வந்துக்கிட்டே இருக்கும்."

மனுவை மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டு வந்துட்டேன்.

நம்ம சர்ச்சுல செருப்பை வாசல்லயே உட்டுட்டுத்தானடா உள்ள போவோம்? அன்னைக்கு நான் வெறுங்காலு. செல்லி அக்கா வாய் வெச்ச பாத்திரத்துல வாய் வெக்க மனசு வராமத்தான் குனிஞ்சேன்.